திறந்தவரே மூட வேண்டும்

பதினோராம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். முகம் மழித்தான். தாடை ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது. காகிதத்தைக் கிழித்து ஒட்டிக்கொண்டான். மாமியார் தேநீர் போட்டு வைத்திருந்தார். குடித்து முடித்த பிறகுதான் சர்க்கரை இல்லை என்று தெரிந்தது. சொல்லவில்லை. அவரும் அதையேதான் குடித்துக்கொண்டிருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டான். உறையில் இருந்த ஆஸ்பத்திரித் தாள்களை எண்ணினான். ஒன்பது. நேற்றும் ஒன்பதுதான்.

“துணிப்பையை எடுத்துக்கிட்டீங்களா மாப்பிள்ளை?”

“எடுத்துக்கிட்டேன் அத்தை.”

“இன்னைக்குக் குடுத்துட்டாங்கன்னா அதைப் போட்டுவிடச் சொல்லுங்க. ஆஸ்பத்திரித் துணியோட கூட்டிட்டு வராதீங்க.”

“சரி.”

பையில் அவன் மனைவியின் பச்சை உடை இருந்தது. துவைத்து மடித்தது. தினமும் காலையில் அவனோடு புறப்பட்டு மாலையில் அவனோடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஏழேகால் பேருந்தில் ஏறி ஆஸ்பத்திரியில் இறங்கினான். பின்பக்கம் பிணவறை. வாசலில் ஒரு பதிவேடு. ‘உரிமை கோருகிறேன்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். பிணவறைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“பேப்பர் வந்துச்சா சார்?”

“வரல.”

“பதினாலு நாள்தான் கெடு. அதுக்கு மேல போனா கேக்க ஆளில்லாத கணக்குல சேந்துரும். மொத்தமா நாங்களே முடிச்சிருவோம்.”

“நான்தான் தினமும் வந்து கேக்குறேனே.”

“கேக்குறீங்க. பேப்பரோட கேக்கணும்.”

அவர் கெட்டவர் இல்லை. தன் முக்காலியை இழுத்துப் போட்டு ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான். பிறகு எழுந்து குடிப்பதிவு அலுவலகத்துக்கு நடந்தான்.

பேப்பர் என்பது மரணப் பதிவு எண். அதைத் தர வேண்டியது குடிப்பதிவு அலுவலகம். அவன் மனைவி ஆறு வருடம் வேலை பார்த்ததும் அங்கேதான், பதினேழாம் இருக்கையில். மயங்கி விழுந்ததும் அங்கேதான். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். வயது முப்பது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்த அலுவலகக் கணினியில் ஓர் ஆளுக்கு ஒரு வரி. பிறப்பு, முகவரி, கல்யாணம், இறப்பு எல்லாம் அந்த ஒரே வரியில். ஓர் ஊழியர் ஒருவருடைய வரியைத் திருத்தத் திறந்தால் அது பூட்டிக்கொள்ளும். அவர் சேமித்து மூடுகிறவரை வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் திருத்தி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஊழியர் உயிரோடு இருக்கும்வரை.

மூன்றாம் கவுண்டரில் இருந்த எழுத்தர் அவன் முகத்தைப் பார்த்ததுமே எண்ணைத் தட்டினார். மனப்பாடமாகியிருந்தது. திரை எப்போதும் போலச் சொன்னது: ‘இந்த வரி வேறொருவரிடம் உள்ளது. காத்திருக்கவும்.’

“காத்திருக்கச் சொல்லுது,” என்றார் எழுத்தர்.

“யார்கிட்ட இருக்கு?”

“பதினேழாம் இருக்கையில. அதே அம்மாகிட்டதான். வியாழக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்குத் தன்னோட வரியைத் தானே திறந்திருக்காங்க. இன்னும் மூடல.”

“அவ செத்துப் போய்த்தானே நான் வந்திருக்கேன்.”

“அதை இதுல ஏத்தணும்னா அவங்க மூடணும் சார். திறந்தவரே மூட வேண்டும். விதி நாலு.” எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நினைக்காதீங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அந்தம்மா எனக்குப் பேனா எல்லாம் குடுத்திருக்காங்க.”

கூடத்தின் சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை எல்லாருடைய வயதையும் ஒன்று கூட்டுவது இந்த அலுவலகத்தின் வேலை. அதற்கென்று கர்சர் ஒன்றை ஓடவிடுவார்கள். அது முதல் எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு வரியாகப் போய், ஒரு வயதை ஏற்றிவிட்டு அடுத்த வரிக்கு இறங்கும். தாண்டிப் போகத் தெரியாது. இந்த வருடத்துக் கர்சர் அதே வியாழக்கிழமை காலையில் புறப்பட்டது. நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அவன் மனைவியின் வரிக்கு வந்து, பூட்டியிருப்பதைப் பார்த்து, நின்றது. பதினோரு நாளாக அந்தப் பெரிய திரையில் அவள் எண்தான் மின்னிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் நாலு லட்சம் பேர். முதல் ஆள் அவன். கல்யாணத்தன்று இருவருக்கும் அடுத்தடுத்த எண் கொடுத்திருந்தார்கள்.

வயது ஏறாதவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபது ஆனால் ஓய்வு பெறலாம் என்றிருந்த ஓட்டுநர் ஒருவர் அவன் பக்கத்தில் நகர்ந்து வந்தார்.

“தம்பி, நீங்கதானே பூட்டுக்காரம்மா வீட்டுக்காரர்?”

“ஆமா.”

“ரெண்டு வாரமா அம்பத்தொம்பதுலயே நிக்கிறேன். இடுப்புக்கு அறுபத்தஞ்சு ஆயிடுச்சு. வீட்ல கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?”

“சொல்றேன்,” என்றான் அவன்.

பகல் பன்னிரண்டுக்குக் கணினி அதிகாரி கூப்பிட்டார். அவர் அறையில் நாற்காலிகள் இருந்தன. உட்காரச் சொல்லும் பழக்கம் இல்லை.

“உங்களுக்குப் புரியிற மாதிரியே சொல்றேன். கழிப்பறைத் தாழ்ப்பாள் இருக்கில்ல? உள்ள ஆள் இருந்தா வெளியில இருக்கிறவன் நிக்கணும். தட்டலாம். உடைக்கக் கூடாது.”

“உள்ள ஆள் இல்லயே சார்.”

“தாழ்ப்பாள் போட்டிருக்கில்ல? அப்ப ஆள் இருக்குன்னுதான் அர்த்தம்.”

“அந்தக் கணினியை அணைச்சிட்டா?”

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். குழந்தை கத்தியை எடுத்ததைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்.

“அணைச்சா அந்தம்மா என்ன திருத்திட்டிருந்தாங்களோ அது போயிடும். என்ன திருத்திட்டிருந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணு போச்சுன்னா யார் கையெழுத்துப் போடுறது? ரெண்டாவது, கர்சர் பயந்துகிட்டு முதல் வரிக்கே திரும்பி ஓடிடும். முன்ன ஒரு தடவை அப்படி ஆகி மூவாயிரம் பேருக்கு ஒரே வருஷத்துல ரெண்டு வயசு ஏறிப்போச்சு. என் மாமியாருக்கும் ஏறிடுச்சு. அந்தம்மா இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேசல.”

“திரையை ஒரு தடவை பாத்தா, என்ன திருத்தினான்னு தெரிஞ்சிருமே.”

“அடுத்தவர் திருத்திட்டிருக்கிற வரியை எட்டிப் பாக்கிறது குற்றம். விதி ஒன்பது. அதனாலதான் அங்க காவல் போட்டிருக்கோம்.” ஓர் உறையை நீட்டினார். “இது உங்க வீட்டம்மாவுக்கு. ஊழியர் தன் வரியைத் தானே திறக்கக் கூடாது. மூணு நாள்ல விளக்கம் கேட்டு நோட்டீஸ். நீங்களே குடுத்துருங்க.”

“அவ இறந்துட்டா சார்.”

“பதிவாயிருக்கா?”

“அதுக்குத்தான் அலையிறேன்.”

“பதிவானதும் கொண்டு வாங்க. நோட்டீஸை நானே திரும்ப வாங்கிக்கிறேன். நமக்கென்ன, அந்தம்மா மேல கோபமா?”

போகும் வழியில் பதினேழாம் இருக்கையைத் தூரத்திலிருந்து பார்த்தான். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். ‘பணியில் உள்ளார், தொந்தரவு செய்யாதீர்’ என்று ஒரு பலகை. மின்சாரம் போனால் தாங்குவதற்குப் பக்கத்திலேயே ஒரு ஜெனரேட்டர். அவள் பாதி குடித்த தேநீர்க் குவளையும் நாற்காலியில் மாட்டியிருந்த குளிர்ச்சட்டையும் அப்படியே இருந்தன. மேசையில் இருப்பதெல்லாம் பூட்டைச் சேர்ந்தது என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. தேநீரின் மேல் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. காவலாளி அதற்கும் சேர்த்துத்தான் காவல்.

“ஈ உக்காந்தாக்கூட எழுதி வைக்கணுங்க,” என்றார் காவலாளி. “இன்னைக்கு இதுவரைக்கும் ஆறு.”

மாலையில் வீட்டுக்கு வந்தான். மாமியார் அவன் கையில் இருந்த பையைத்தான் பார்த்தார். அதன் பருமனைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டாம் நாள் அதிகாரி தானாகவே ஒரு வழி சொன்னார். முகத்தில் ஒரு பிரகாசம் இருந்தது.

“அந்த நோட்டீஸ் விசாரணை முடியணும்னா அந்தம்மா பதில் சொல்லணும், இல்ல இறந்ததாப் பதிவாகணும். பதிவாகணும்னா பூட்டுத் திறக்கணும். பூட்டைத் தொடணும்னா விசாரணை முடியணும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது. கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், இதைப் பிரிக்க முடியாது. இந்த மாதிரி முட்டிக்கிட்டு நின்னா, இருக்கிறதுல மலிவான ஆளைப் பலி குடுத்துட்டு மீதியை ஓடவிடணும். விதி பதினாலு.”

“யாரு மலிவான ஆளு?”

“நீங்கதான்,” என்றார் அதிகாரி மரியாதையாக. “யார் வரியில குறைவா எழுதியிருக்கோ அவங்க. உங்க வரியில என்ன இருக்கு? பிறப்பு, மூக்குக்கண்ணாடிக் கடை வேலை, கல்யாணம். அவ்வளவுதான். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா உங்க வரியைக் கடைசி சுத்தமான இடத்துக்குத் திருப்பிடுவோம்.”

“அது எந்த இடம்?”

“கல்யாணத்துக்கு முந்தின நாள். நீங்க கல்யாணம் ஆகாதவர். அந்தம்மா யாரோ. நீங்க எதுக்கும் காத்திருக்க வேண்டாம். நிம்மதியா வேலைக்குப் போகலாம்.”

“அப்ப அவளை ஆஸ்பத்திரியில யார் வாங்குறது?”

“கேக்க ஆளில்லன்னா காத்திருக்கவும் ஆளில்ல. பிரச்சினை தீந்துச்சு.”

படிவத்தை வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. இந்த நாட்களில் எதுவுமே அவனுக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. வீட்டில் மாமியாரிடம் காட்டினான். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அந்தக் கண்ணாடி அவன் கடையில் அவனே செய்து கொடுத்தது.

“கல்யாணம் ஆகலன்னு எழுதிக் குடுத்தா பொண்ணைக் குடுப்பாங்களா?”

“குடுக்க மாட்டாங்க அத்தை.”

“அப்ப வேண்டாம். ஆனவராவே இருங்க.”

படிவத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

பதின்மூன்றாம் நாள் அவன் பிணவறையில் கையெழுத்துப் போட்டபோது பிணவறைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு விரலை மட்டும் காட்டினார்.

அலுவலகத்தில் மேடை போட்டிருந்தார்கள். வருகைப் பதிவு அங்கே கணினி வழியாகத்தான். யாருடைய இருக்கையில் வேலை திறந்திருக்கிறதோ அவர் வந்திருப்பதாகக் கணக்கு. அதன்படி பதினேழாம் இருக்கை பதின்மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை. அன்று பகல் பதினொன்று நாற்பதோடு முன்னூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். அலுவலக வரலாற்றில் யாரும் செய்யாத சாதனை. தலைமைப் பதிவாளரே பாராட்டுப் பத்திரம் தர வந்திருந்தார். ஊழியருக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும்படி அவனை மேடையில் ஏற்றினார்கள். துணிப்பையோடு ஏறினான். வைக்க இடமில்லை.

தலைமைப் பதிவாளர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு நாட்டோட பெருமை ஜனங்கள்ல இல்ல, ஜனங்களைப் பத்தின பதிவுல இருக்கு. ஜனங்க வருவாங்க, போவாங்க. பதிவு நிக்கும். இப்ப பாருங்க, பதின்மூணு நாளா நின்னுகிட்டுத்தான் இருக்கு. சில பேர் இதைக் குறை சொல்றாங்க. ஓடுற பதிவை யார் வேணும்னாலும் பாதுகாக்கலாமா? முடியாது. நிக்கிற பதிவைத்தான் பாதுகாக்க முடியும்.”

கை தட்டினார்கள்.

“இந்தம்மாவைப் பாருங்க. பதின்மூணு நாள்ல ஒரு தடவை தேநீர் குடிக்க எழுந்திருக்கல. லீவு கேக்கல. பக்கத்து இருக்கையோட பேசல. ஒரே ஒரு தப்புக்கூடப் பண்ணல. இப்படி எல்லா ஊழியரும் இருந்துட்டா இந்த அலுவலகம் எங்கயோ போயிடும். நான் இங்க இருபத்தெட்டு வருஷம் வேலை பாத்திருக்கேன். இதுவரைக்கும் என் கையால ஒரு பூட்டைத் திறந்ததில்ல. அதனாலதான் இந்த இடத்துக்கு வந்திருக்கேன்.”

ஓட்டுநர் மட்டும் பெஞ்சிலிருந்து கேட்டார்: “அய்யா, அந்தம்மா எங்க? ஒரு தடவை பாத்துக் கும்பிட்டுட்டுப் போயிடுறேன்.”

“பணியில இருக்காங்க,” என்றார் தலைமைப் பதிவாளர்.

பத்திரத்தை வாங்கினான். சட்டம் போட்டிருந்தது, கனமாக இருந்தது. புகைப்படக்காரர், வெறும் மேடைப் படம் எடுபடாது, இருக்கையில் எடுக்கலாம் என்றார். தலைமைப் பதிவாளருக்கு அது பிடித்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். காவலாளி நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

“உக்காருங்க சார். கையை கீபோர்டு மேல வச்ச மாதிரி,” என்றார் புகைப்படக்காரர்.

“மாதிரி மட்டும்,” என்றார் கணினி அதிகாரி. “தொடக் கூடாது. திரையைப் பாக்கக் கூடாது. கேமராவைப் பாருங்க.”

அவன் உட்கார்ந்தான். நாற்காலி அவள் உயரத்துக்கு இறக்கியிருந்தது. முழங்கால் மேசையில் இடித்தது. குளிர்ச்சட்டையின் கை அவன் தோளில் விழுந்தது. மேசைத் தொலைபேசியின் ரிசீவர் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது. அவன் திரையைப் பார்த்தான்.

அவள் பெயர். பிறந்த தேதி. முகவரி. எல்லாம் பழையபடி. ஒரே ஒரு கட்டம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்.’ அதில் இருந்த அவனுடைய பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணைத் தட்டியிருந்தாள். அவன் எண்ணை மாற்றி அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆறு இலக்கம் இருந்தது. நாலு இல்லை. ஆறாவதுக்குப் பக்கத்தில் ஒரு கோடு நின்று மினுக்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அன்று மூன்று மணி நேரம் பழைய எண்ணைத்தான் அழைத்திருக்கிறார்கள். அவன் வழக்கம்போல் ஆறு மணிக்கு அவளைக் கூட்டிப்போக அலுவலக வாசலில் வந்து நின்றான். வாசல் காவலாளிதான் சொன்னார்.

“சார், கேமரா,” என்றார் புகைப்படக்காரர்.

அவன் ஒரு விரலால் தட்டினான். நாலு இலக்கம். அவசரப்படவில்லை, சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பார்த்தான். பிறகு ‘சேமி’யை அழுத்தினான்.

கூடத்தில் ஒரு சிறிய மணியோசை கேட்டது. பெரிய திரையில் எண் மாறியது. கர்சர் முதலில் அவளுக்கு ஒரு வயது ஏற்றியது. முப்பத்தொன்று. பிறகு அவனுக்கு. பிறகு கண்ணால் தொடர முடியாத வேகத்தில் மற்றவர்களுக்கு. கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுநர், “அறுபது,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கணினி அதிகாரியின் உதடு வெளுத்திருந்தது. தலைமைப் பதிவாளர் அவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், புகைப்படக்காரரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தொண்டையைச் செருமினார்.

“நான் சொன்னேன்ல. என் முன்னிலையில, என் வழிகாட்டுதல்ல.”

கை தட்டினார்கள்.

அவன் மூன்றாம் கவுண்டருக்குப் போனான். எழுத்தர் எண்ணைத் தட்டினார். வரி திறந்தது. ‘இறப்பு’ என்ற கட்டத்தில் தேதியைப் போட்டு அவன் பக்கம் திரையைத் திருப்பிக் காட்டினார். அவன் தலையசைத்தான். எழுத்தர் சேமித்து மூடினார். அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. எழுத்தர் அதில் முத்திரை குத்துவதற்குள் கணினி அதிகாரி வந்து தாளின் மேல் கையை வைத்தார்.

“விசாரணை இருக்கு.”

“யார் மேல சார்?” என்று கேட்டார் எழுத்தர்.

“இப்போதைக்கு இவர் மேல. அடுத்தவர் திறந்த வரியை மூடியிருக்கார். திறந்தவர் சொல்லியிருந்தா மட்டும்தான் அது செல்லும். விதி நாலு, உட்பிரிவு ரெண்டு.” அவனிடம் திரும்பினார். “யார் சொல்லித் தொட்டீங்க?”

“அவதான்.”

“எப்போ?”

“அன்னைக்குத்தான். பதினொண்ணு நாப்பதுக்கு.”

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு படிவத்தை எடுத்து எழுத்தர் முன்னால் போட்டார். ‘பூட்டியவர் இறுதியாகக் கூறியது’ என்று அதில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம்.

“இதை நிரப்பிட்டா தாளைக் குடுத்துரலாம்,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “‘என் பணியை என் கணவர் முடித்து வைக்கட்டும்’னு எழுதிக்குங்க. எல்லாருக்கும் நல்லது. அந்தம்மாவுக்கும் மரியாதை. தலைமைப் பதிவாளர் அதைச் சுவத்துல மாட்டச் சொன்னாலும் சொல்வார்.”

எழுத்தர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. அவனைப் பார்த்தார்.

“நிஜமா என்ன சொன்னாங்க சார்?”

“கடை நம்பருக்குக் கூப்பிட்டா. இந்த மேசை போன்லேர்ந்து. உங்க புது நம்பர் என்ன, எனக்கு மனசுல நிக்கவே மாட்டேங்குது, சொல்லுங்க, தட்டிக்கிறேன்னா. ஆறு சொல்லிட்டேன். அதுக்குள்ள ஒரு பெரியவர் உடைஞ்ச கண்ணாடியோட வந்து நின்னுட்டார். அவருக்கு அது இல்லாம படி தெரியாது. ஒரு நிமிஷம் இருன்னு அவகிட்டச் சொல்லிட்டு ரிசீவரைக் கீழ வச்சேன். கம்பியை நிமித்திக் குடுக்க ஏழெட்டு நிமிஷம் ஆயிடுச்சு. திரும்பி எடுத்தப்போ லைன் இல்ல. யாரோ இந்தப் பக்கம் வச்சிருக்காங்க. கோவிச்சுக்கிட்டு வச்சிட்டான்னு நினைச்சேன். அடுத்த கண்ணாடியை எடுத்துட்டேன்.”

எழுத்தர் ரிசீவர் இருந்த பக்கம் பார்க்கவில்லை. கட்டத்தில் பேனா முனையை வைத்தார்.

“நீங்க இருன்னு சொன்னதும் அவங்க என்ன சொன்னாங்க? அதை மட்டும் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

அவன் சொன்னான்.

“பரவாயில்ல, அவரை முதல்ல பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்.”